மோர், நோ மோர்

அந்த இங்கிலீஷ் பொஸ்தகத்தை மூடி வெச்சிருங்க அம்மணி. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.

எட்டிப் பாக்கறாளேன்னு நெனைக்காதீங்க. பஸ்ஸு குலுக்கற குலுக்கல்ல அது பாதி என்ற மடியிலதான் கெடக்குது. படத்துல ரெண்டு பொம்பளைங்க சிரிச்சுக்கிட்டு நிக்கறாங்க, கீழ ‘வாட் டஸ் யுவர் ஹஸ்பண்ட் டூ’ன்னு தமிழ் எழுத்துல போட்டிருக்குது. அந்த ஒத்த வரியில என்ற பொழப்பே போச்சுன்னா நம்புவீங்களா?

கரூருக்குத்தானே போறீங்க? வேலை விசயமா? சரி, சொல்ல இஷ்டமில்லைன்னா வேண்டாம். அடுத்தவங்க கதையை நோண்டற பழக்கம் எனக்கு இல்லீங்க. நான் சொல்றேன், நீங்க கேட்டாப் போதும். கரூர் போய்ச் சேர இன்னும் நேரமிருக்குது. ஜன்னலைச் சித்த சாத்திக்கலாமுங்களா? கழுத்துல காத்து பட்டா எனக்கு ஆகறதில்ல.

என்ற பேரு சாந்தாமணி. சின்னதாராபுரம் பக்கம். வீட்டுக்காரரு சூரத்துல இருக்காரு, மில்லுல சூப்பர்வைசரு. ஒரே பொண்ணு, கட்டிக் குடுத்தாச்சு. நான் கரூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போறேன். கம்பெனி பேரு வேண்டாம், உப்புத் தின்ன எடம். வெள்ளக்காரங்க சமையக்கட்டுல கை தொடைக்கற துண்டு, மேசை விரிப்பு, முன்னாடி கட்டிக்கற ஏப்ரன், அதெல்லாம் நாங்க தெக்கறதுதான். நான் சாம்பிள் செக்ஷன். பையரு, அதான் சரக்கு வாங்கற வெளிநாட்டுக்காரங்க, ஒரு டிசைனை அனுப்புனா மொதல் துண்டு என்ற மெஷின்ல இருந்துதான் வரும்.

குனிஞ்சு குனிஞ்சு கழுத்து எலும்பு தேஞ்சு போச்சுங்க. கை மரத்துப் போவுது, ஊசியில நூல் கோக்கறதுக்குள்ள உசுரு போவுது. டாக்டரு படம் எடுத்துப் பாத்துட்டு, ‘மெஷினை விட்டாத்தான்மா கை தப்பும்’னுட்டாரு. விட்டுட்டு எங்க போறது சொல்லுங்க? வேற என்ன வேலை தெரியும் எனக்கு? அப்பத்தான் இந்த இங்கிலீஷ் வந்து சேந்துச்சு.

எங்க பெரிய பையரு ஒரு அம்மா. டென்மார்க்கு. கிர்ஸ்டன் மேடம்னு பேரு. நல்ல ஒசரம், தலை பூராப் பஞ்சு மாதிரி வெள்ளை. ஒரு தடவ செக்ஷனுக்குள்ள வந்தவங்க, நேரா என்ற மெஷின்கிட்ட நின்னு, ‘ஹவ் ஆர் யூ?’ன்னாங்க. எனக்குப் பதட்டம். ‘ஐ ஆம் சாந்தாமணி’ன்னேன். சிரிச்சுட்டாங்க. கிண்டல் சிரிப்பு இல்லீங்க. என்ற கையைப் புடிச்சுக்கிட்டு என்னமோ சொன்னாங்க, நான் எல்லாத்துக்கும் ‘எஸ், எஸ்’னு தலையாட்டுனேன்.

அதை மொதலாளி பாத்துக்கிட்டே இருந்திருக்காரு. மாடியில புதுசா ஷோரூம் கட்டிக்கிட்டிருந்தாரு. அங்க நிக்கறதுக்கு ஒரு பொம்பளை வேணும். காலேஜ் புள்ளைங்களை வெச்சுப் பாத்தாரு, ஒவ்வொருத்தியும் கல்யாணமாகிப் பறந்துட்டா. ‘நம்ம ஆளுங்கள்லயே ஒருத்தரைத் தேத்துவோம். விலை கிலையெல்லாம் நாங்க பேசிக்கறோம். கார்ல இருந்து எறங்கறதுல இருந்து காப்பி வர்ற வரைக்கும் பையருகூடச் சும்மா பேசிக்கிட்டிருக்கணும், அவ்வளவுதான்’னாரு. சும்மா பேசறது! அது எவ்வளவு பெரிய வேலைன்னு அவருக்கென்ன தெரியும்.

திருச்சியில இருந்து ஜெரால்டு மாஸ்டருன்னு ஒருத்தரு சனிக்கிழமை சனிக்கிழமை வந்தாரு. ஷிப்ட் முடிஞ்சு கேண்டீன்லதான் கிளாஸு. அதுக்குப் பேரு ‘ஸ்மால் டாக்’காம். சின்னப் பேச்சு. பெரிய பேச்சுப் பேசறவங்களை ஊர்ல நெறையப் பாத்திருக்கேன், சின்னப் பேச்சைக் காசு குடுத்துச் சொல்லித் தர்றதை அங்கதான் பாத்தேன். வெயிலு, மழை, வந்த வழி, சாப்பாடு, புள்ளைகுட்டி. நம்ம பஸ் ஸ்டாண்டுல நாளெல்லாம் பேசறதுதான், இங்கிலீஷ்ல பேசோணும்.

மொத வாரம் கேண்டீன் நெறையக் கூட்டம். பொறகு ஒவ்வொருத்தியாக் கழண்டுக்கிட்டா. கடேசியில ரெண்டே பேரு. நான், அப்பறம் பேக்கிங் செக்ஷன் கோகிலவாணி.

அவளைப் பத்தித்தான் சொல்ல வந்தேன்.

என்னைவிடச் சின்னவ. பவித்திரத்துக்காரி. சிரிச்ச மொகம். ‘அக்கா, அக்கா’ன்னு வாயில இருந்து வேற வார்த்தையே வராது. இதே பஸ்ஸுலதான் வருவா. அவளுக்கு எடம் போட்டு வெச்சே என்ற முந்தானை கிழிஞ்சிருக்குதுங்க. மாஸ்டரு எங்களை ஜோடி சேத்து விட்டாரு. கிளாஸ்ல மட்டுமில்ல, பஸ்ஸுல, கேண்டீன்ல, எங்க பாத்தாலும் இங்கிலீஷ்லதான் பேசிக்கோணும், தப்பானாலும் நிறுத்தக் கூடாதுன்னாரு. கேள்வி கேட்டா அதுக்குப் பதில் சொல்லியே ஆகோணும்.

ஒரு நா கேண்டீன்ல மோர் தீந்து போச்சு. மாஸ்டரு அண்டாவைச் சாச்சுக் காட்டி, ‘இப்ப எப்படிச் சொல்லுவீங்க? நோ மோர். இனிமே இல்ல’ன்னாரு. கோகிலவாணி, ‘மோர், நோ மோர்’னா. நாங்க ரெண்டு பேரும் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். அதுக்கப்பறம் எங்களுக்கு எல்லாமே அதுதான். சோறு தீந்தா ரைஸ் நோ மோர். நூல் தீந்தா த்ரெட் நோ மோர். மழை விட்டா ரெய்ன் நோ மோர். எவ்வளவு சுளுவான வார்த்தை பாத்தீங்களா? எதுக்கு வேணும்னாலும் ஒட்டும்.

எங்களுக்குள்ள ஒரு பேச்சு இருந்துச்சுங்க. இங்கிலீஷ்ல பேசுனது இங்கிலீஷோட இருக்கோணும், அதை எடுத்தாந்து தமிழ்ல சொல்லக் கூடாது. ஏன்னா மாஸ்டரு கேக்கச் சொல்ற கேள்வியெல்லாம் அப்படி. குடும்பம், புள்ளைங்க, என்ன சந்தோசம், என்ன கவலைன்னு. தமிழ்ல ஒருத்தி கேட்டா நாம விடுவமா? ‘அதுக்கென்ன, ஏதோ ஓடுது’ன்னு சொல்லிட்டுப் போயிட்டே இருப்போம். இங்கிலீஷ்ல ‘ஏதோ ஓடுது’க்கு என்னன்னு தெரியாதுங்களே. தெரிஞ்ச நாலு வார்த்தையில நெஜம் மட்டுந்தான் சொல்ல முடியுது.

அவளும் சொன்னா. அவ பையன் மெட்ராசுல கோச்சிங் படிக்கறான்னு கம்பெனி பூரா சொல்லி வெச்சிருந்தா. என்கிட்ட, ‘மை சன், ட்வெல்த் ஃபெயில். ஓட்டல் சப்ளையர்’னு சொல்லிக் கண்ணைத் தொடச்சா. அதை இன்னிவரைக்கும் நான் மூச்சு விட்டதில்லீங்க. கேண்டீன் மாரியக்காகிட்டயும் அயர்ன் பண்ற பழனியண்ணன்கிட்டயும் மட்டுந்தான் சொன்னேன், அவங்க வெளிய விட மாட்டாங்க. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, நீங்க ஆரோ, அவ ஆரோ.

பொறகு என்ற மொறை வந்துச்சு. கேண்டீன்ல எதிரெதிரா உக்காந்திருக்கோம். மாஸ்டரு அந்தாண்ட டீ குடிக்கறாரு. அவ கேட்டா: ‘வாட் டஸ் யுவர் ஹஸ்பண்ட் டூ?’

நான் உங்ககிட்ட சூரத்துன்னு சொன்னேனில்ல? அது பழக்கத்துல வந்துருச்சு அம்மணி. தப்பா நெனைச்சுக்காதீங்க. அவரு திருப்பூர்ல இருக்காரு. இன்னொருத்தியோட. கொழந்தைகூட இருக்குதுன்னு கேள்வி. ஒரு நா காலையில காப்பி குடிச்சுட்டு, சட்டையை நானே தேச்சுக் குடுத்தேன், போட்டுக்கிட்டுப் போனவருதான். சண்டையில்ல, சத்தமில்ல. பொண்ணைக் குடுத்த எடத்துக்குத் தெரிஞ்சா அவ அங்க தலை நிமிந்து வாழ முடியுமா? அதனால சூரத்து. ஊர்லயும் சூரத்து, கம்பெனியிலயும் சூரத்து. விசேசத்துக்கு ஏன் வரலைன்னா லீவு கெடைக்கல. போன்ல பேசுனாரான்னா, பேசுனாரு, உங்களையெல்லாம் கேட்டாரு. வாயில இருந்து தன்னாலயே வந்துரும்.

ஆனா அந்தப் பொய்யை நான் தமிழுக்குத்தானே அளவெடுத்துத் தெச்சு வெச்சிருந்தேன்? இங்கிலீஷுக்கு அது பத்தலீங்க. அவ கேட்டதும் வாய் தொறக்குது, சூரத்து வர மாட்டேங்குது. அவ என்ற மொகத்தையே பாக்கறா. இத்தனை வருசமா ஒருத்தர்கிட்டயும் சொல்லாதது தொண்டையில வந்து நிக்குது. சரி, இங்கிலீஷ்தானேன்னு ஒரு தைரியம். அதுல சொன்னா நான் சொன்ன மாதிரியே இல்லீங்க, வேற ஆரோ சொல்ற மாதிரி.

‘ஹி இஸ் நோ மோர்’னேன்.

எனக்கு இனிமே இல்லைன்னு அர்த்தம். மோர் இல்ல, சோறு இல்ல, அவரும் இல்ல. நான் சொன்னது சரிதானே?

அவ கண்ணு பொலபொலன்னு கொட்டிருச்சு. என்ற கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, ‘சாரி அக்கா, சாரி’ன்னா. ‘ஹவ்?’னு கேட்டா. நானும் தப்பில்லாமச் சொல்லோணுமேன்னு யோசிச்சு யோசிச்சு, ‘மார்னிங், காப்பி ட்ரிங்க். ஈவினிங், நோ மோர்’னேன். அவ நெஞ்சுல கை வெச்சு, ‘ஹார்ட்?’னு கேட்டா. மனசு மாறிருச்சான்னு கேக்கறான்னு நெனச்சேன். எவ்வளவு நுணுக்கமாப் புரிஞ்சுக்கறா பாரு இந்தப் புள்ளைன்னு இருந்துச்சு எனக்கு. ‘எஸ், எஸ். ஹார்ட்’னேன்.

அன்னிக்கு ரெண்டு பேரும் உக்காந்து அழுதோமுங்க. மாஸ்டரு டீ கிளாஸை வெச்சுட்டு வந்து, ‘வெரி குட், ஃபீலிங்கோட பேசறீங்க’ன்னுட்டுப் போனாரு.

பொய் சொல்லக் கூடாது, அதுக்கப்பறம் கொஞ்ச நாள் நான் சந்தோசமா இருந்தேன். பாரம் எறங்குன மாதிரி. அவ டிபன் பாக்ஸ்ல எனக்குன்னு ஒரு பங்கு கொள்ளுப் பருப்பு எடுத்தாருவா. என்ற பண்டலைத் தூக்கிக் குடுப்பா. ஆரும் பாக்காதப்ப கையைத் தடவிக் குடுப்பா. புருசன் உட்டுட்டுப் போனவளைப் பாத்து, ‘நீ என்ன பண்ணுன, அவன் ஏன் போனான்’னுதான் ஊரு கேக்கும். இவ ஒரு வார்த்தை அப்படிக் கேக்கல. எனக்காக ஒரு சீவன் அழுவுதேன்னு நான் அவளைக் கும்புடாத கொறை.

கிர்ஸ்டன் மேடம் வர்ற நாள் நெருங்குச்சு. எங்க கம்பெனியில ஒரு வழக்கம் இருக்குதுங்க. பையரு வந்தா வாசல்லயே ஆரத்தி சுத்தி, சந்தனம் குங்குமம் வெச்சுத்தான் உள்ள கூட்டிட்டுப் போகோணும். அது மொதலாளியோட தாயாரு சட்டம். பெரியம்மான்னுதான் நாங்க கூப்புடுவோம். தட்டை எடுக்கறது சுமங்கலியா இருக்கோணும். தட்டு எடுக்கறவதான் பையருகூடப் பேசிக்கிட்டே மாடிக்குக் கூட்டிட்டுப் போறது, அவதான் இனிமே ஷோரூமுக்குன்னு மொதலாளி சொல்லிட்டாரு. என்னைத்தான் வெச்சிருந்தாங்க. மேடத்துக்கு என்னைத் தெரியுமே. இனி மெஷினுக்குக் குனிய வேண்டாம், கை தப்புச்சுன்னு நான் மொதல் வெத்தலை பாக்கு மாரியம்மனுக்கு வெச்சுட்டு வந்துட்டேன்.

மாஸ்டரு சொல்லிக் குடுத்தது ஃப்ளைட் எப்படி இருந்துச்சு, தூக்கம் வந்துச்சான்னு. எனக்கு அது பத்தலீங்க. நம்ம வீட்டுக்கு நல்ல மனுசங்க வந்து, அன்னிக்கு மழை பேஞ்சா என்ன சொல்லுவோம்? நீங்க வந்தீங்க, கூடவே மழையும் வந்துச்சுன்னு சொல்லுவமா இல்லையா? அதை நானாவே இங்கிலீஷ்ல கட்டுனேன். ‘யூ கம், ரெய்ன் ஆல்சோ கம்.’ மாஸ்டரு கிராமர் தப்புன்னாரு. பொறகு, ‘இருக்கட்டும், அழகா இருக்குது, அப்படியே சொல்லுங்க’ன்னாரு. பஸ்ஸுல கோகிலவாணி மேடமா நிப்பா, நான் அவளுக்குச் சொல்லிப் பழகுவேன். மழைதான் பெய்யோணும். கரூர்ல மழைக்கு எங்க போறதுன்னு ரெண்டு பேரும் சிரிச்சுக்குவோம்.

மேடம் வர்றதுக்கு மொத நாள் பெரியம்மா மாடிக்குக் கூப்புட்டு உட்டாங்க. தட்டைக் காட்டத்தான் கூப்புடறாங்கன்னு மொகத்தைக் கழுவிட்டுப் போனேன். அங்க கோகிலவாணியும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறா.

‘சாந்தாமணி, மனசுல ஒண்ணும் வெச்சுக்காத கண்ணு. நாளைக்குத் தட்டைக் கோகிலவாணி எடுக்கட்டும்’னாங்க பெரியம்மா.

‘ஏனுங்க பெரியம்மா?’

‘உம்பட வீட்டுக்காரரு தவறிட்டாராமா. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீ. பொட்டும் பூவும் வெச்சுக்கறதை நான் குத்தம் சொல்லல, இந்தக் காலத்துல அதெல்லாம் ஆரு பாக்கறா. ஆனா வாசல்ல ஆரத்திங்கறது வேற கண்ணு.’

தவறிட்டாரா? ஆரு? இவளைப் பாத்தேன். அப்பத்தான் ‘ஹார்ட்’டுன்னு நெஞ்சுல கை வெச்சுக் கேட்டது ஞாபகம் வந்துச்சு. அட பாவி, நோ மோர்னா செத்துப் போறதாமா! கொள்ளுப் பருப்பெல்லாம் செத்த வீட்டுக்குக் குடுத்தனுப்புனதா? நான் புருசன் உட்டுட்டுப் போனவன்னு இவ அழுவலியா?

‘அக்கா, நான் தப்பா ஒண்ணும் சொல்லலக்கா’ன்னு அழுவறா. ‘ஆம்பளத் துணை இல்லாதவங்க, கழுத்து வேற முடியல, ஷோரூம் வேலையை அக்காவுக்கே குடுத்துருங்கன்னு பெரியம்மாகிட்ட கேக்கத்தான் போனேன். பேச்சுவாக்குல வந்துருச்சுக்கா.’

கேட்டீங்களா கூத்தை! எனக்குக் குடுக்கச் சொல்லிக் கேக்கப் போனாளாம். அப்படிக் கேக்கப் போனவ கைக்குத் தட்டு எப்படிங்க வந்துச்சு? இங்கிலீஷ்ல சொன்னது இங்கிலீஷோட இருக்கோணும்னுதானே பேச்சு? இவ அதைக் கொண்டு போயித் தமிழ்ப்படுத்திட்டா. அதுவும் ஆருகிட்ட, பெரியம்மாகிட்ட. தெரியாமச் செஞ்சாளாம். பச்சப்புள்ள பாருங்க!

பெரியம்மா என்னையே பாத்துக்கிட்டிருந்தாங்க. ‘நீயே சொல்லு சாந்தாமணி. அவ வெளங்காமச் சொல்றாளோ என்னமோ. இருக்காரா, இல்லையா?’

இருக்காருன்னு ஒத்த வார்த்தை. தட்டு என்ற கைக்கு வந்துரும். கை தப்பிரும். ஆனா இருக்காருன்னா எங்கன்னு கேப்பாங்க. சூரத்துன்னா போனைப் போடு, நான் பேசறேன்னு சொல்ற ஆளு அவங்க. திருப்பூர்ல, இன்னொருத்தியோட, கொழந்தையோடன்னு எப்படிச் சொல்றது? பவித்திரத்துக்காரி பக்கத்துல நிக்கறா, பொண்ணு மாமியாருக்குப் பவித்திரத்துல சொந்தம் இருக்குது. வாயைத் தொறந்தேன். இங்கிலீஷ்ல அவ்வளவு சுளுவா வந்தது தமிழ்ல வரவே இல்லீங்க.

‘இல்லீங்க’ன்னேன்.

பெரியம்மா என்ற தோளைத் தொட்டு, ‘சரி, போ கண்ணு’ன்னாங்க. இல்லீங்கன்னா என்ன அம்மணி? இல்லைன்னுதானே? எனக்கு இல்லைதானே? அதுல பொய் எங்க இருக்குது, நீங்களே சொல்லுங்க.

மறுநா மேடம் வந்தாங்க. நான் சாம்பிள் செக்ஷன் ஜன்னல்ல நின்னேன். கார் வந்து நிக்குது. இவ பட்டுச்சேலை கட்டிக்கிட்டுத் தட்டோட நிக்கறா. ஆரத்தி சுத்தி, பொட்டு வெச்சா. அப்பப் பாத்து, எந்த மாசத்துலயும் பெய்யாத மழை சடசடன்னு எறங்குதுங்க. மொதலாளி கொடை எடுத்துட்டு ஓடறாரு. இவ மேடத்தை நிமிந்து பாத்து, கணீர்னு சொன்னா: ‘யூ கம், ரெய்ன் ஆல்சோ கம்.’

மேடம் அப்படியே நின்னுட்டாங்க. கையை நீட்டி மழையைப் புடிச்சுப் பாத்தாங்க. சிரிச்சு, இவளைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க.

தட்டு போனதுகூட எனக்குப் பெருசில்லீங்க. ஷோரூம் போகட்டும், ஏசி போகட்டும். அது என்ற பேச்சு. நான் எத்தனை நாள் ஒவ்வொரு வார்த்தையாத் தேடிச் சேத்தது. அதை எடுத்துச் சொல்றதுக்கு அவளுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு? பொறகு கேட்டா, ‘உங்க பேரைச் சொல்லி உங்களுக்காகத்தான் சொன்னேன்கா, திஸ் இஸ் சாந்தாமணி வேர்ட்ஸ்னு மேடத்துகிட்ட சொன்னேன்’கறா. ஜன்னல்ல இருந்த எனக்கு அது காதுல உழுவலியே. மேடம் செக்ஷனுக்கு வந்து என்ற கையைப் புடிச்சுக்கிட்டு, ‘வெரி சாரி, வெரி சாரி’ன்னு கண்ணு கலங்கிட்டுப் போனாங்க. டென்மார்க்கு வரைக்கும் சாவுச் சேதி போயிருச்சு பாருங்க.

மாஸ்டருகிட்ட சும்மா கேக்கற மாதிரி கேட்டேன். குடும்பத்தைப் பத்திக் கேட்டா நெஜத்தைத்தானே சொல்லோணும்னு. ‘ஐயோ மேடம், ஸ்மால் டாக்ல யாரும் நெஜத்தை எதிர்பாக்க மாட்டாங்க. எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட வேண்டியதுதான்’னாரு. அதை மொதல் நாளே சொல்றதுக்கு அவருக்கு வாய் வலிச்சுதா? தமிழ்ல நான் நாளெல்லாம் செய்யறது அதானே!

இப்ப அவ ஷோரூம்ல. நான் அதே மெஷின்ல. எனக்குக் கை போற நாளை எண்ணிக்கிட்டிருக்கேன். ‘அக்கா, எனக்கு ஷோரூம் வேண்டாம்னு மொதலாளிகிட்ட சொல்லப் போறேன், நீங்க வாங்க’ன்னு வந்து நிக்கறா. நாடகம். கொள்ளுப் பருப்பு இன்னும் வருது, நான் தொடறதில்ல. அவகூடத் தமிழ்ல ஒரு வார்த்தை பேசறதில்லீங்க. இங்கிலீஷ்ல மட்டுந்தான். குட் மார்னிங்னா குட் மார்னிங், வெரி ஹாட்னா வெரி ஹாட். அவளும், ‘அக்கா, தமிழ்ல ஒரு தடவ திட்டிருங்கக்கா’ன்னு கெஞ்சறா. நான் எதுக்குத் திட்டோணும்?

எங்க வீட்டுக்காரரைக்கூட நான் இப்படித் திட்டுனதில்லீங்க. அவரு ஆம்பளை, போனாரு. நாளைக்கே வாசப்படி ஏறி வந்து நின்னாலும் கால் கழுவத் தண்ணி எடுத்துத்தான் வெப்பேன். இவ கூடப் பொறந்தவ மாதிரி கையைப் புடிச்சுக்கிட்டு அழுதவ. துரோகம்னா அது இதுதான் அம்மணி.

கம்பெனியில காரியத்துக்கு ஏன் சொல்லலைன்னு கேக்கறாங்க. ஊர்ல சூரத்துல இருந்து எப்ப வர்றாருன்னு கேக்கறாங்க. அங்க செத்தாச்சு, இங்க லீவு கெடைக்கல. ரெண்டையும் நானேதான் பாத்துக்கோணும்.

அய்யோ, பேச்சு வாக்குல பவித்திரம் பிரிவு வந்துருச்சுங்க. அவ ஏறுவா. ஒரு நிமிசம் இருங்க, இந்தப் பையைச் சித்த புடிங்க. தாலிக்கொடியை உள்ள தள்ளிக்கறேன். பொட்டை எடுத்துச் செல்போன் பின்னாடி ஒட்டிக்குவேன், சாயங்காலம் எங்க ஊர்ல எறங்கறப்ப மறுபடி வெச்சுக்கலாம். கண்டக்டரு தெனமும் பாக்கறாரு, ஒண்ணும் கேக்கறதில்ல, நல்ல மனுசன்.

இங்க பாருங்க அம்மணி, நெத்தியில தடம் தெரியுதுங்களா? வருசக்கணக்கா ஒரே எடத்துல வெச்சதுல தோலு அந்த எடத்துல மட்டும் வெளுத்துக் கெடக்குது. எச்சி தொட்டுத் தேச்சாலும் போக மாட்டேங்குது. முடியை இப்படி இழுத்து விட்டுக்கட்டுமா? இப்ப? தெரியுதா, இல்லீங்களா? மெதுவாச் சொல்லுங்க, அவ ஏறிட்டா.